கனடாவுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? பிள்ளைகளுக்கான உதவித்தொகை வாங்கும் வழி
காரைக்குடியில் நான் கணக்கு எழுதும் வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. கனடாவில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மாதாமாதம் பணம் தருகிறது. பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வாங்கிப் போகிறவர்கள் இறங்கியதுமே விண்ணப்பிக்கலாம். வேலை, படிப்பு விசாக்காரர்கள் அங்கே 18 மாதம் தொடர்ந்து இருந்திருக்க வேண்டும்.

முதலில் சின் எண், அதாவது வேலைக்கும் அரசு உதவிக்கும் அங்கே கேட்கும் அடையாள எண். அப்புறம் இந்த உதவித்தொகைக்கான விண்ணப்பம், ஆர்சி66 படிவம், பெரும்பாலும் அம்மா பெயரில். புதிதாக வந்தவர்களுக்கான இணைப்புப் படிவமும் உண்டு.

அந்த இணைப்பில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். அங்கே போவதற்கு முந்தைய வருமானத்தையும் கேட்பார்கள், கணவன் மனைவி இருவருடையதையும், கனடா டாலரில். வங்கி வட்டி, கடை வாடகை, ஏன், பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீட்டைச் சினிமா ஷூட்டிங்குக்கு விட்டதில் உங்களுக்கு வந்த பங்கும் சேரும். "ஊர்க் காசு கனடாக்காரனுக்கு எப்படித் தெரியும்?" என்பார் வீட்டில் அப்பச்சி (அப்பா). அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை இங்கேயே வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

சரி, பணம் வர ஆரம்பித்துவிட்டது. சம்பாத்தியமே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 30க்குள் இருவரும் வரிக்கணக்குத் தாக்கல் செய்யுங்கள். இல்லையென்றால் ஜூலையில் பணம் நின்றுவிடும்.