நிக்கேய் உணவகத்தில் எதை முதலில் வாங்குவது?

பெருவில் ஜப்பானியர் கைபட்டு உருவான சமையலுக்கு நிக்கேய் என்று பெயர். 1899இல் சகுரா மாரு கப்பலில் கயாவோ துறைமுகத்தில் இறங்கிய 790 பேரிலிருந்து அது தொடங்குகிறது. லிமாவின் மிராஃப்ளோரஸ் பகுதியில் நல்ல நிக்கேய் கடைகள் உண்டு. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனான செவிச்சே அங்கே பெரும்பாலும் மதிய உணவு. முடிந்தால் பகலிலேயே போங்கள்.

முதலில் திராதித்தோ வாங்குங்கள். சஷிமி போல மெல்லிசாக அரிந்த பச்சை மீன்மேல் எலுமிச்சை, மிளகாய்ச் சாற்றை ஊற்றித் தருவார்கள். தட்டு வந்ததும் ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டே இருந்தால் புளிப்பு மீனை வேகவைத்ததுபோல் வெளுக்கவைத்து, இறுகச் செய்துவிடும். சாற்றிலேயே உப்பும் புளிப்பும் இருப்பதால் சோயா சாஸில் தோய்க்காதீர்கள். தோய்த்தால் மீனின் ருசியே தெரியாது.

இருவருக்கு ஒரு திராதித்தோ, ஒரு காவ்சா, ஆறு நிகிரி (சோற்று உருண்டைமேல் மீன்துண்டு), சூடான உணவு ஒன்று போதும். காவ்சா என்பது எலுமிச்சையும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்த உருளைக்கிழங்கு. நடுவில் மீனோ கோழியோ இருக்கும்.

அஹி அமரில்யோ மிளகாய் நம் நாக்குக்கு மிதமானது. ரொகோத்தோ அப்படியல்ல, நன்றாகவே உறைக்கும்.

சைவர்கள் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம். காய்கறித் தட்டிலும் மீன் சேர்ந்த தாஷி என்ற ஜப்பானியச் சாறு இருக்கலாம். குச்சியில் குத்திச் சுடும் அன்டிகூச்சோ பெரும்பாலும் மாட்டு இதயம். பிஸ்கோ சவர் என்ற மதுக்கலவையின் நுரை பச்சை முட்டை வெள்ளைக்கரு.