வீட்டு ஏசி காயிலை நாமே சுத்தம் செய்யலாம்

பங்குனி பிறந்ததும் எங்கள் மதுரை வீட்டில் ஏசியைத் திறந்துவிடுவேன். கத்திரி வெயில் வந்தபிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டால் நாள்கணக்கில் காத்திருக்கணும். ஸ்பிளிட் ஏசியின் உள் யூனிட்டுக்கான முறை இது.

முதலில் ஏசிக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கு கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும். ஆடாத ஏணி வேண்டும், அதைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும்.

முன்மூடியைத் தூக்கி, ஃபில்டர்களைக் கழற்றி, கழுவி நிழலில் காயவையுங்கள். இப்போது டார்ச் அடித்துப் பாருங்கள். சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கும் அலுமினியத் தகடுகள்தான் காயில். இடுக்கில் சாம்பல் நிறப் பஞ்சாக அப்பியிருப்பது தூசி.

இந்தத் தகடுகளின் கனம் சுமார் 0.1 மி.மீ.தான். நகம் பட்டாலே மடங்கும், விரலையும் கீறும், கையுறை அவசியம். முதல்தடவை நான் பழைய டூத்பிரஷ்ஷைக் குறுக்கே தேய்த்ததில் நாலு விரல் அகலத்துக்குத் தகடுகள் படுத்துவிட்டன. மடங்கிய இடத்தில் காற்று நுழையாது. அதனால் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தகடு நிற்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாக மட்டும் தடவுங்கள். ஈரம் படுவதற்கு முன்பே இதை முடிக்கணும். நனைந்த தூசி சேறாகி இடுக்கில் ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான மாடல்களில் போர்டு வலது ஓரத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பாலிதீன் சுற்றி டேப் ஒட்டி மூடுங்கள். சுவரையும் தரையையும்கூட மூடிவிடுங்கள். ஜன்னலைத் திறந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, காயில் கிளீனர் நுரையை அடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறட்டும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும்.

பிறகு செடிக்கு அடிக்கும் சின்ன ஸ்பிரேயரில் குடிதண்ணீர் ஊற்றி மெதுவாக அடித்து நுரையை இறக்குங்கள். போர் தண்ணீர் வேண்டாம். நம்ம ஊர்ப் பக்கம் பல இடங்களில் அது உப்பு. காய்ந்தால் தகட்டில் வெள்ளையாகப் படியும். அழுக்குத் தண்ணீர் வெளியே டிரெயின் பைப்பில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால் பைப் அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஏசியைப் போட்டால் தண்ணீர் சுவரில் வழியும்.

எல்லாம் நன்றாகக் காய்ந்தபின் பாலிதீனை எடுத்து, ஃபில்டரை மாட்டி, எம்.சி.பி.யைப் போட்டு, அரைமணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிடுங்கள். பிறகு கூல் மோடில் காயிலில் ஐஸ் கட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். கேஸ் குறைந்திருக்கலாம், அதை மெக்கானிக்தான் பார்க்கணும்.