ஜாப் மாறினால் எல்லையும் மாற வேண்டும்: எஸ்.பி.சி. மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் வட்டாரத்து மீன்வலை ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த வாரம் 28 மி.மீ. கண்ணி பின்னிய இயந்திரம் அடுத்த வாரம் 60 மி.மீ. கண்ணி பின்னும்; ஜாப், அதாவது செய்யும் வேலை, மாறிவிட்டது. நூலின் தடிமன் மாறும், முடிச்சின் இறுக்கம் மாறும், அளவில் வரும் ஏற்ற இறக்கமும் மாறும். ஆனால் எஸ்.பி.சி. (புள்ளியியல் செயல்முறைக் கட்டுப்பாடு) எனும் தர மென்பொருளின் திரையில் மட்டும் போன வாரத்துச் சிவப்புக் கோடுகள், அதாவது இயல்பான ஏற்ற இறக்கத்தின் மேல், கீழ் எல்லைகள், அப்படியே நிற்கும். ஆலையில் யாரும் அந்தத் திரையைப் பார்ப்பதில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சோம்பல் அல்ல. அந்தக் கோடுகளை நம்பிப் பயனில்லை என்று இயந்திரத்தில் நிற்பவர்கள் முன்பே கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான்.

1924-இல் அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூவார்ட் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை (அளவுகளை எல்லைக் கோடுகளோடு சேர்த்துப் புள்ளிகளாகக் காட்டும் படம்) வரைந்ததிலிருந்து கணக்கு பெரிதாக மாறவில்லை. தவறுகள் கணக்கில் நடப்பதில்லை; மென்பொருளில் ஜாப்பைப் பதியும் அந்தப் பத்து நிமிடத்தில் நடக்கின்றன.

டாலரன்ஸை எல்லையாகத் தட்டச்சு செய்வது

எங்கும் காணப்படும் தவறு இதுதான். 40 மி.மீ. கண்ணி, கூடக் குறைய 1 மி.மீ. வரை ஏற்பதாக வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் டாலரன்ஸ். பதிபவர் மேல் எல்லை 41, கீழ் எல்லை 39 என்று போட்டுவிடுகிறார். வேலை முடிந்தது என்று தோன்றும்.

இப்போது இயந்திரம் தரும் எண்களைப் பார்ப்போம். மணிக்கு ஒருமுறை ஐந்து கண்ணிகளை அளக்கிறார்கள். மொத்தச் சராசரி 40.1, ஒவ்வொரு ஐந்திலும் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வீச்சின் சராசரி 0.6. வீச்சிலிருந்து சராசரியின் எல்லையைக் காண, ஐந்து சாம்பிளுக்கான அட்டவணை மாறிலி 0.577. பெருக்கினால் 0.35. ஆக, சராசரிக்கான கட்டுப்பாட்டு எல்லைகள் 39.75, 40.45. இவை இயந்திரத்தின் நடத்தையிலிருந்து வந்த எண்கள். வாடிக்கையாளரின் விருப்பத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

ஏதோ தேய்ந்து சராசரி 40.8-க்கு நகர்ந்துவிட்டது என்போம். அப்போது ஐந்தில் ஒரு கண்ணிக்கு மேல் 41-ஐத் தாண்டும். ஆனால் வரைபடத்தில் புள்ளியாக விழுவது ஐந்தின் சராசரி. அது பெரும்பாலும் 41-க்குள்ளேயே இருக்கும். திரை பச்சையாக இருக்க, கழிவு வலை குவியும். சரியான எல்லை போட்டிருந்தால் முதல் மணி நேரத்திலேயே எச்சரிக்கை வந்திருக்கும். டாலரன்ஸுக்கு மென்பொருளில் தனிக் கட்டம் உண்டு. அதன் இடம் அங்கே.

எது ஒரு ஜாப்?

இதை முடிவு செய்யாமல் எல்லை போடத் தொடங்குவதுதான் என் பார்வையில் மற்றத் தவறுகளின் தாய். மென்பொருளுக்கு ஜாப் என்றால் ஒரு குறியீடு மட்டுமே. எதை அந்தக் குறியீடாகக் கொடுக்கிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு ஆர்டரும் வெறும் தாளிலிருந்து தொடங்கும். மூன்று மாதம் கழித்து அதே வலை மறுபடி வரும்போது, பழைய தரவு முழுதும் வேறு எண்ணின் கீழ் தூங்கும். பொருள் எண்ணை மட்டும் கொடுத்தால் புது இயந்திரமும் பழைய இயந்திரமும் ஒரே கோட்டில் கலந்துவிடும்; எல்லை இரண்டுக்கும் பொருந்தாமல் அகன்று கிடக்கும். கண்ணி அளவு, நூல் வகை, இயந்திரம், அளக்கும் முறை ஆகிய நான்கும் சேர்ந்ததே நல்ல குறியீடு. அளக்கும் முறை ஏன்? கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நைலான் ஈரத்தை இழுக்கும். தறியிலிருந்து இறங்கிய கையோடு அளந்த கண்ணியும், இழுவிசைக்கும் வெப்பத்துக்கும் உட்பட்டு வந்தபின் அளந்த கண்ணியும் ஒரே எண்ணாக இருக்கப்போவதில்லை. மழைக்காலத்துக்கு என்று தனி எல்லை கேட்பவர்கள் முதலில் எங்கே, எப்போது அளக்கிறோம் என்பதை நிலைப்படுத்திப் பார்க்கட்டும். பாதிப் பேருக்கு அதன்பிறகு தனி எல்லை தேவைப்படாது.

பழைய ஜாப்பைப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் வழக்கம் இன்னொரு வம்பு. 32 மி.மீ. ஜாப்புக்குள் 28 மி.மீ. ஜாப்பின் எல்லைகள் ஒட்டிக்கொண்டு வரும். பிரதி எடுத்தால் எல்லைக் கட்டங்கள் காலியாகும்படி அமைத்துவிடுவது நல்லது.

அரை நாளில் முடியும் சிறு ஜாப்புகளுக்கு என்ன செய்வது? நம்பத்தக்க எல்லைக்கு 20 முதல் 25 உட்குழுக்கள் (ஒருமுறை சேர்த்து அளக்கும் ஐந்து கண்ணிகள் ஓர் உட்குழு) வேண்டும் என்பது வழக்கம். எட்டு உட்குழுவில் ஜாப்பே முடிந்துவிடும். எட்டை வைத்து எல்லை கணிப்பது வீண். ஒவ்வொரு அளவிலிருந்தும் அந்த ஜாப்பின் இலக்கைக் கழித்து, விலகலை மட்டும் வரைந்தால், பல ஜாப்புகள் ஒரே வரைபடத்தில் தொடரலாம். ஒரு நிபந்தனை: ஜாப்புகளின் வீச்சு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 28 மி.மீ. கண்ணியின் சராசரி வீச்சு 0.4 ஆகவும் 60 மி.மீ. கண்ணியுடையது 0.9 ஆகவும் இருந்தால், விலகலை அந்தந்த ஜாப்பின் சராசரி வீச்சால் வகுத்த பிறகே ஒன்றாக வரைய வேண்டும். வகுக்காமல் விட்டால் பெரிய கண்ணி எப்போதும் குற்றவாளியாகத் தெரியும். சிறிய கண்ணி எப்போதும் தப்பித்துக்கொள்ளும்.

மென்பொருளின் இயல்பு அமைப்பை அப்படியே விடுவது

சில மென்பொருள்கள் எல்லாத் தரவையும் ஒன்றாகக் கொட்டித் திட்ட விலக்கம் கண்டு, அதன் மூன்று மடங்கை எல்லையாகப் போடும். தரவில் ஏற்கெனவே ஒரு நகர்வு இருந்தால் அந்த நகர்வும் விலக்கத்தில் சேர்ந்து, எல்லையை அகலமாக்கி, தன்னையே மறைத்துக்கொள்ளும். உட்குழுவுக்குள் உள்ள வீச்சிலிருந்து கணிக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லையைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். செயல்முறை மெல்ல மெல்ல நழுவினால் எல்லையும் கூடவே நழுவும். சாம்பிள் எண்ணிக்கையை ஐந்திலிருந்து நான்காகக் குறைத்தால் மாறிலி 0.729 ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லைக்கு வெளியே விழுந்த புள்ளிகளைக் கணக்கிலிருந்து நீக்கலாம். காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தால் மட்டும்.

ரப்பர் பாலில் ஐந்து கோப்பை

குலசேகரம் பக்கம் போனால் கதையே வேறு. ரப்பர் பாலைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் செறிவாக்கும் ஆலையில் ஒவ்வொரு தொட்டியும் ஒரு பேட்ச். மென்பொருள் ஐந்து சாம்பிள் கேட்கிறதே என்று ஒரே தொட்டியில் ஐந்து கோப்பை எடுத்து டி.ஆர்.சி. (பாலிலுள்ள உலர் ரப்பரின் சதவீதம்) பார்ப்பார்கள். நன்றாகக் கலக்கிய தொட்டியில் ஐந்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஆய்வகத்தின் பிழை மட்டுமே. அந்தச் சிறு வீச்சிலிருந்து வரும் எல்லை ஊசிபோல ஒடுங்கி இருக்கும். அடுத்த தொட்டி வந்ததும் மணி அடிக்கும், அதற்கடுத்ததிலும் அடிக்கும். மரம் இலை உதிர்க்கும் காலத்துப் பாலும் மழைக்காலத்துப் பாலும் ஒன்றல்ல என்பது தோட்டத்தில் பால் வெட்டுபவருக்குத் தெரியும். மென்பொருளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். இங்கே தொட்டிக்கு ஒரு மதிப்பு, அடுத்தடுத்த தொட்டிகளின் வித்தியாசம் என்ற தனி மதிப்பு வரைபடமே பொருந்தும். வித்தியாசங்களின் சராசரியை 2.66-ஆல் பெருக்கி, மொத்தச் சராசரிக்கு மேலும் கீழும் போட வேண்டும்.

சராசரி 60.3 சதவீதம், வித்தியாசத்தின் சராசரி 0.15 என்றால் கீழ் எல்லை 59.9. செறிவூட்டிய பாலுக்கான தரநிலையோ குறைந்தது 60 கேட்கிறது. உடனே ஒருவர் கீழ் எல்லையை 60 என்று திருத்துவார். திருத்தினால் பால் கெட்டியாகிவிடாது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளிலும் சில தொட்டிகள் 60-க்குக் கீழே இறங்கலாம் என்பதைத்தான் 59.9 சொல்கிறது, ஒன்று சராசரியை 60.5 பக்கம் உயர்த்த வேண்டும், அல்லது தொட்டிக்குத் தொட்டி வரும் வேறுபாட்டைக் குறைக்க வேண்டும்.

எல்லா விதிகளையும் தேர்வு செய்வது

எச்சரிக்கை விதிகளின் பட்டியலைக் கண்டதும் எல்லாவற்றிலும் டிக் போடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். மூன்று சிக்மா விதி (எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி விழுந்தால் எச்சரிக்கை) மட்டும் இருந்தால், எந்தக் கோளாறும் இல்லாதபோது சராசரியாக 370 புள்ளிகளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் வகுத்த எச்சரிக்கை விதிகள் நான்கையும் சேர்த்தால் ஏறத்தாழ 92 புள்ளிகளுக்கு ஒன்று. பத்து இயந்திரம், மூன்று ஷிப்ட், மணிக்கு ஒரு புள்ளி: நாளுக்கு 240 புள்ளிகள். தினமும் இரண்டு மூன்று முறை ஒன்றுமில்லாததற்கு ஓடிப்போன சூப்பர்வைசர் ஒரு மாதத்தில் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் ஒரு விதி. மெதுவான தேய்மானம் உள்ள ஜாப்புக்கு மட்டும், ஒரே பக்கம் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் என்ற விதியைச் சேர்க்கலாம்.

எல்லையை மாற்றும் அனுமதி ஆலைக்கு ஓரிருவரிடம் இருந்தால் போதும். மாற்றிய தேதி, காரணம், மாற்றியவர் ஆகிய மூன்றையும் நிரப்பாமல் சேமிக்க முடியாதபடி பூட்டும் வசதி மென்பொருளில் இருந்தால், முதல் ஜாப்பைப் பதிவதற்கு முன்பே அதை இயக்கிவிடுங்கள்.