சுரூபத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

கோடை வந்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் சுரூபங்களின், அதாவது தேவாலயங்களில் வைக்கும் புனிதர் சிலைகளின், படங்கள் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, கொடியேற்றத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு, அந்தோனியாருக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்று ஏதாவது ஒரு பங்கின் இளைஞர் இயக்கத்துப் பையன் கேட்டிருப்பான். பதில் சொல்வேன். ஆனால் சமீபத்தில் வந்த ஒரு படத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. மரத்தில் செய்த பழைய மிக்கேல் சம்மனசு, அதாவது வானதூதர். ஆலயத் திண்ணையில் செய்தித்தாளை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு லிட்டர் எனாமல் டப்பா. ஒரு கை உப்புத்தாளைப் பிடித்திருந்தது. சம்மனசின் இடது கன்னம் பாதி வரை தேய்ந்து, வெள்ளையாகத் தெரிந்தது.

இருபது வருடங்களுக்கு முன்னால் அது என் கை.

பிரஷைக் கழுவி வை, மழை நாளில் அடிக்காதே, தின்னரை அளவாகக் கல என்பதெல்லாம் பெயிண்ட் கடைக்காரரே சொல்லிவிடுவார். அதற்கு நான் தேவையில்லை. நான் செய்து, அடுத்து வந்தவர்களும் செய்து, இன்னமும் நடந்துகொண்டிருக்கும் சிலதை மட்டும் எழுதுகிறேன்.

படம் எடுக்காமல் தொடங்குவது

முன்னால், பின்னால், இரண்டு பக்கம், கண்கள், கைகள், பாதம். வேலை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

யார் என்று தெரியாமல் வண்ணம் தொடுவது

சுரூபங்களுக்கு ஒரு மொழி உண்டு. செபஸ்தியார் என்றால் அம்பு, சந்தியாகப்பர் என்றால் குதிரை, மிக்கேல் என்றால் ஈட்டியோ வாளோ தராசோ. அந்தோனியாரின் அங்கி பழுப்பு, ஏனென்றால் அவர் பிரான்சிஸ்கன் துறவி. அவர் கையில் லீலி மலர் இருக்கும், சூசையப்பரின் கோலிலும் லீலிதான் பூத்திருக்கும். அது உடைந்துபோனால் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகிவிடுவார்கள். இப்படி ரோஜா ஏந்திய சூசையப்பரை நான் இரண்டு ஊர்களில் பார்த்துவிட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஆரம்ப காலத்தில் பாத்திமா மாதாவுக்கு அழகாக ஒரு நீலக் கச்சை போட்டுக் கொடுத்தேன். வெள்ளை உடை மட்டும் வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றியது. சப்பரத்தில் ஏற்றும்போது ஒரு பாட்டி வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "பாத்திமா மாதான்னு சொல்லி லூர்து மாதாவக் கொண்டாந்துட்டீங்களேப்பா" என்றார். நீலக் கச்சை லூர்து மாதாவுக்கு உரியது. 1858-இல் லூர்து ஊரின் மசபியேல் குகையில் தான் கண்ட பெண்ணைப் பற்றிப் பெர்னதெத் என்ற சிறுமி சொன்ன அடையாளங்கள் வெள்ளை உடை, நீலக் கச்சை, ஒவ்வொரு பாதத்தின் மேலும் மஞ்சள் ரோஜா. அவர் சொல்லக் கேட்டு லியோன் நகரச் சிற்பி ஃபாபிஷ் பளிங்கில் செதுக்கிய சுரூபம் 1864-இல் அங்கே வைக்கப்பட்டது. அதில் பெர்னதெத்துக்குத் திருப்தி இல்லை, தான் கண்டதுபோல் அது இல்லை என்றுதான் அவர் நினைத்தார். கேட்டுக் கேட்டுச் செய்தவருக்கே அந்தக் கதி. கேட்காமலே கச்சை கட்டியவன் நான்.

பழையதைச் சுரண்டிப் புதுசாக்குவது

இதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடற்கரையோரம் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். ஜனவரி 20-ஆம் தேதி செபஸ்தியார் திருவிழா. சுரூபம் மரம், என் இடுப்பு உயரம்தான் இருக்கும். அதற்கு முன்பே மூன்று நான்கு முறை யார் யாரோ பெயிண்ட் அடித்திருந்தார்கள். அங்கங்கே உரிந்து, மெழுகுவர்த்திப் புகையேறிக் கறுத்திருந்தது. "செலவப் பத்திக் கவலப்படாதீங்க தம்பி, புதுசு மாதிரி ஆக்கிருங்க" என்றார்கள். அந்த 'புதுசு மாதிரி' என்ற இரண்டு வார்த்தைகளை இன்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அன்று உச்சி குளிர்ந்தது.

பெயிண்ட் ரிமூவரைத் தடவி, தகட்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு மரம் தெரியும்வரை தேய்த்தேன். சுரண்டும்போது உள்ளே வெள்ளையாக மாவு போல் ஒன்று உதிர்ந்தது. பழைய பட்டி என்று நினைத்தேன். ஒரு இடத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. துரு என்று நினைத்தேன். துணிமடிப்பின் உள்குழிவில் மின்னியது ஒரு பொட்டு. அதையும் தேய்த்துவிட்டேன்.

உதிர்ந்தது என்ன என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பழைய மரச் சுரூபத்துக்கு நேரடியாக மரத்தின் மேல் வண்ணம் பூச மாட்டார்கள். முதலில் வச்சிரப் பசை. அதன் மேல், அதே பசையில் குழைத்த சுண்ணப்பொடியைப் பல முறை பூசித் தேய்த்து முட்டை ஓடு போல வழவழப்பாக்குவார்கள். தங்கம் வர வேண்டிய இடத்தில் மெல்லிய செம்மண் களி, அதன் மேல் தங்க ரேக். சில சுரூபங்களில் அந்தத் தங்கத்துக்கும் மேலே நீலமோ சிவப்போ பூசி, ஈரம் காய்ந்ததும் கூரான குச்சியால் கோலம்போலக் கீறுவார்கள். கீறிய இடத்தில் தங்கம் எட்டிப் பார்க்கும், பட்டுப் புடவையில் சரிகை ஓடுவதுபோல. ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டு மரச் சுரூபங்களில் இது சர்வ சாதாரணம். நான் பட்டி என்று நினைத்தது அந்தச் சுண்ண அடுக்கு, துரு என்று நினைத்தது செம்மண் களி. மின்னிய பொட்டு என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கதை அதோடு முடியவில்லை. மரம் சும்மா இருக்காது. ஈரக்காற்றில் உப்பும், வறட்சியில் சுருங்கும். சுண்ணமும் பசையும் அதற்கு ஓரளவு ஒத்துப்போகும். எனாமல் படலம் காயக் காய இறுகிக்கொண்டே போகும், மரத்தோடு அசையாது. உள்ளே போன ஈரம் வெளியே வரவும் விடாது. இரண்டு மழைக்காலம் தாண்டினால் கொப்பளம், அப்புறம் உரிதல். உரியும்போது தனியாக உரியாது, அடியில் மிச்சம் மீதி பழசு ஏதாவது இருந்தால் அதையும் இழுத்துக்கொண்டுதான் வரும். உடனே மறுபடியும் ஒருவரைக் கூப்பிட்டு மறுபடியும் அடிப்பார்கள்.

முகத்துக்கு வருகிறேன். செபஸ்தியார் மரத்தில் கட்டுண்டு வானத்தைப் பார்ப்பார். பழைய தச்சன் இமைகளைச் சற்று ஏறச் செதுக்கியிருந்தான். கருவிழியை வண்ணக்காரன் மேல் இமைக்குள் பாதி ஒளித்து வரைந்திருந்தான். நான் அதையெல்லாம் அழித்துவிட்டு, கண்ணுக்கு நடுவில் வட்டமாக, கறுப்பாக, சுத்தமாக இரண்டு விழிகளை வைத்தேன். இதழுக்கு நல்ல சிவப்பு. திருவிழா அன்று எல்லோரும் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் பீடத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். வழக்கமாகப் பாதத்தைத் தொட்டு முத்தி (முத்தம்) செய்துவிட்டுப் போகிறவராம். அன்று தொடவில்லை. "முன்னாடி மேல பாத்துக்கிட்டு இருந்தாரு. இப்ப என்னையப் பாக்காரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கலை பற்றிப் பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். அந்த ஒரு வரி அளவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அம்பு தைத்தவர் கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரைப் போட்டோவுக்கு நிற்க வைத்துவிட்டேன்.

இதைச் சொன்னால் பங்குப் பேரவையில் யாராவது ஒருவர் கேட்பார்: "சுரூபத்தையா கும்பிடுகிறோம்? எந்தக் கலராக இருந்தால் என்ன?" நல்ல கேள்விதான். 787-இல் திருச்சபை ஆயர்கள் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், உருவத்துக்குக் காட்டும் வணக்கம் அந்த உருவம் யாருடையதோ அவரைச் சேர்கிறது என்றுதான் சொன்னது. சரி, அப்படியென்றால் அவரிடம் போய்ச் சேரும் வழியாகத்தானே அந்த முகம் இருக்கிறது? அந்த அம்மா நாற்பது வருடம் போன வழியை நான் ஒரு வாரத்தில் அடைத்துவிட்டேன்.

நம் ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஸ்பெயினில் நவார்ரா பகுதியில் எஸ்தேயா என்று ஓர் ஊர். அங்கே புனித மிக்கேல் ஆலயத்தில் இருந்த 16-ஆம் நூற்றாண்டு ஜார்ஜியார் மரச் சுரூபத்துக்கு இதே வைத்தியம் நடந்தது. ரோஸ் முகம், சாம்பல் நிறக் கவசம், பொம்மைக் கடையில் வாங்கி வந்ததுபோல. 2018-இல் படங்கள் வெளிவந்து உலகமே சிரித்தது. அடுத்த ஆண்டு நிபுணர்கள் அந்தப் பெயிண்டை எடுத்து ஓரளவு பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். செலவு 30,000 யூரோவுக்கு மேல். அப்படியும் பழைய வண்ணத்தில் ஒரு பகுதி போனது போனதுதான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் எதுவும் செய்யாதீர்கள். கறுப்பாக இருப்பதில் பெரும்பகுதி புகையும் தூசியும்தான். மென்மையான உலர்ந்த பிரஷால் தூசியைத் தட்டுங்கள், வண்ணம் தூக்கிக்கொண்டு நிற்கும் இடங்களை மட்டும் தொடாதீர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் முதலில் பின்பக்கம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், நகத்தளவு ஒரு சன்னல் திறந்து எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்ப்பார். பஞ்சுக் குச்சியில் எச்சிலைத் தொட்டு உருட்டி உருட்டித் துடைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். எச்சிலில் இருக்கும் நொதிகள் அழுக்கை மெதுவாகக் கரைக்கும் என்பதால் இத்தொழிலில் இன்றும் அது வழக்கம். ஒரு நாளைக்கு உள்ளங்கையளவு நகர்ந்தால் நல்ல வேகம்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் எண் 1189 என்று ஒன்று இருக்கிறது. பழமையாலோ, கலையாலோ, மக்கள் செலுத்தும் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்று, ஆலயத்தில் மக்கள் வணக்கத்துக்கு வைத்திருக்கும் திருவுருவத்தைப் பழுது பார்க்க வேண்டுமென்றால், ஆயரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அவரும் வல்லுநர்களைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும் என்பதைக் கவனியுங்கள். கலை மதிப்பு இல்லை என்று நீங்களே தீர்மானித்தாலும், ஊரே வந்து முத்தி செய்கிற சுரூபம் என்றால் போதும், சட்டம் பொருந்தும். என் செபஸ்தியாருக்கு அனுமதிக் கடிதம் என்ற பேச்சே எழவில்லை. எனக்கும் தெரியாது, என்னைக் கூப்பிட்டவர்களுக்கும் தெரியாது.

பளபளப்பை அழகு என்று எடுத்துக்கொள்வது

நிறையப் பேர் என்னிடம் கேட்பது 'ஷைனிங்'. பளபளப்பான முகத்தில் டியூப்லைட்டின் கோடு விழும். கன்னத்தின் நிழலையும் கண்ணோரச் சோகத்தையும் அந்த ஒரு கோடு தின்றுவிடும். பெரிய வெள்ளி அன்று ஆசந்தியில் கிடத்தும் ஆண்டவரின் முகம் மின்னினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மட் வார்னிஷ் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். புது சுரூபங்களுக்கு அது போதும்.

வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் எழுதியது. எந்த ஒரு கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதென்று வைத்துக்கொள்ளவில்லை என்றும் அதே ஏடு சொல்கிறது. இது நமக்குப் புதிது இல்லை. கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவைப் புடவை கட்டிய தமிழ்ப் பெண்ணாகப் பெரியநாயகி என்று நிறுத்தினார். ஐரோப்பிய முகந்தான் புனிதம், ரோஸ் கலர்தான் தோல் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. புதிதாகச் செய்யும்போது மாநிறத்தில் ஒரு சூசையப்பரைக் கேட்டுப் பாருங்கள். தச்சுப் பட்டறைக்காரருக்கு அது பொருந்தித்தான் வரும்.

கோல்டு பெயிண்ட்

பித்தளைத் தூள். சில வருடத்தில் கறுக்கும்.

பிளாஸ்டர் வெடிப்புக்குச் சிமெண்ட்

வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்புவதால் வருகிற வெடிப்பு அது. கம்பியைக் கவனிக்காமல் வெளியே பூசினால் அடுத்த வெடிப்பு இன்னும் பெரிதாக வரும்.

ஈர மாலை

மாலையைப் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் தண்ணீர் சொட்டச் சொட்டப் போட்டு, வாடி அழுகும்வரை விட்டுவிடுகிறோம். கழுத்துக்குக் கீழே மட்டும் வண்ணம் உரிந்த சுரூபம் என்றால் காரணம் மாலைதான். மறுநாள் காலை ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடம் சொல்லி எடுக்க வையுங்கள். சீரியல் செட் மாட்டச் சுரூபத்திலேயே ஆணி அடிக்கிறவர்களை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உடைந்ததைக் குப்பையில் போடுவது

மந்திரித்த, அதாவது ஆசீர்வதித்த பொருள். புதையுங்கள், மரமென்றால் எரிக்கலாம். அதற்கும் முன்னால் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்.

உபயம் எழுதும்போது

பீடத்தின் அடியில் உபயதாரர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதாதீர்கள். நான் செபஸ்தியாரின் அடியில் எழுதினேன், அதுவும் எனாமலில். சுரூபத்தில் அடித்ததெல்லாம் எப்போதோ உரிந்துவிட்டது. அந்த எண் மட்டும் இன்னும் அழியவில்லை போலிருக்கிறது. டிசம்பர் பிறந்தால் அந்த ஊரிலிருந்து போன் வருகிறது.