ஜூலு போர்க்களத்துப் பக்கம் தங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவுக்குக் குடும்பங்களை அழைத்துப் போவது என் தொழில். கேப் டவுன், க்ரூகர் என்றே போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது குவாஜூலு-நடால் மாகாணத்துப் பக்கமும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். டண்டீ ஊரைச் சுற்றி, அந்த மண்ணின் ஜூலு மக்கள் வெள்ளையரோடு மோதிய போர்க்களங்கள், புல்வெளி நடுவே ஒரு விடுதி, ஜன்னலைத் திறந்தால் வரிக்குதிரை. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் ஆரம்பத்தில் நான் சொதப்பிய அதே இடங்களில்தான் புதிதாகத் திட்டம் போடுகிறவர்களும் சொதப்புகிறார்கள். விசா, தொப்பி, தண்ணீர் பாட்டில் பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு ராத்திரி போதும் என்று நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இது. செலவும் இதில்தான் அதிகம்.

திட்டம் எப்படி இருக்கும் என்றால், காலையில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி பூங்காவில் சிங்கம் தேடுவார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, இரவு போர்க்கள விடுதியில் படுத்து, மறுநாள் காலை "அந்த மலையைப் பார்த்துட்டு" டர்பனுக்கு வண்டி விடுவார்கள். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அது ஏன் நடக்காது என்பது புரிய, 1879 ஜனவரி 22-ஆம் தேதி நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூலு நாட்டுக்குள் படையோடு நுழைந்த பிரிட்டிஷ் தளபதி செம்ஸ்ஃபோர்டு பிரபு, விடியும் முன்பே படையில் ஏறக்குறைய பாதியைக் கூட்டிக்கொண்டு எதிரியைத் தேடிப் போனார். எதிரியோ வேறு பள்ளத்தாக்கில் காத்திருந்தான். ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவின் படையில் சுமார் 20,000 பேர். எருமைக் கொம்பு போல இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டு, இசாண்டல்வானா மலையடியில் இருந்த முகாமின் மேல் பாய்ந்தார்கள். அன்று பிற்பகல் சூரிய கிரகணம் வேறு. முகாமில் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். ஜூலு தரப்பிலும் இழப்பு ஆயிரத்துக்குக் குறையாது என்கிறார்கள். அப்புறம் சண்டையில் அதிகம் இறங்காத ஒரு பிரிவு ஆற்றைத் தாண்டி, மாலை நாலரை மணி வாக்கில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற பிரிட்டிஷ் காவல் முகாமைத் தாக்கியது. அங்கே இருந்த பிரிட்டிஷ் தரப்பினர் சுமார் 150 பேர், சோள மூட்டையையும் பிஸ்கட் பெட்டியையும் அடுக்கிச் சுவர் எழுப்பி, இரவு முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் 11 விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்.

பொதுவாக விடுதிகளில் வழிகாட்டிகள் இந்த வரிசையிலேயே சொல்வார்கள்: காலையில் இசாண்டல்வானா, மாலையில் ரோர்க்ஸ் டிரிஃப்ட். நாற்காலி போட்டு உட்காரவைத்து, எந்தப் படை எந்த மேட்டில் இருந்து இறங்கியது என்று மலையைக் காட்டிக்கொண்டே இரண்டு மூன்று மணி நேரம் சொல்வார்கள். வழிகாட்டி இல்லாமல் போனால் அது வெறும் புல்மேடு. வெள்ளை அடித்த கற்குவியல்கள் இருக்கும், ஒரு படம் எடுப்பீர்கள், கிளம்பிவிடுவீர்கள். ஒரே இரவு தங்குகிறவர் இரண்டில் ஒன்றைக் கண்டிப்பாகத் தவறவிடுவார். பெரும்பாலும் இரண்டையும்.

சென்னையிலிருந்து ஒரு குடும்பம். அப்பா, அம்மா, தாத்தா, இரண்டு பிள்ளைகள். இரண்டு இரவு போடுங்கள் என்று சொன்னதற்கு, "சார், மேப்ல நாலு மணி நேரம்தான் காட்டுது, எதுக்கு ரெண்டு நாள் காசு?" என்றார் அப்பா. ஜூன் மாதம். அங்கே அப்போது குளிர்காலம், ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும். பூங்காவில் யானை வழியை மறித்ததில் கிளம்பவே தாமதம். இருட்டில் ரோட்டின் நடுவே மாடுகள் படுத்திருக்கும். அந்தப் பக்கம் வேலி இல்லாத ஊர்கள் ஏராளம். தாருக்கு நடுவே பள்ளம், கடைசிப் பகுதியில் மண் ரோடு. அங்கே டயர் கிழிந்தது. போனில் சிக்னல் இல்லை. விடுதி ஆட்கள் தேடிக்கொண்டு வந்து சேர்த்தபோது இரவு பத்து மணிக்கு மேல். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. மறுநாள் காலை சுற்றுக்கு யாரும் எழவில்லை. வாடகை வண்டிக் காப்பீட்டில் டயர் சேராது என்பது திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இந்த விடுதிகளில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் வாடகையோடு சேர்ந்தே வரும், அதனால் வாடகையும் குறைவில்லை. அத்தனையும் கொடுத்து அவர்கள் வாங்கியது ஒரு தூக்கம். தாத்தா பாவம், பழைய சரித்திர வாத்தியார். ஊரிலிருந்து கிளம்பும்போதே போர் வரைபடத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தார்.

இரண்டு இரவு. மூன்று மணிக்குள் போய்ச் சேருங்கள். வண்டி எடுக்கும்போதே டயருக்கும் அடிப்பகுதிக்கும் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். இரண்டு இரவுக்குக் காசில்லை என்றால் போர்க்களத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், அது எவ்வளவோ மேல்.

விடுதி வாசலில் சிங்கம் தேடுவது

போர்க்கள விடுதிகளைச் சுற்றியுள்ள காடுகளில் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, குடு மான் மாதிரியானவைதான் பொதுவாக இருக்கும். சிங்கம் இல்லை என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சிங்கம் இல்லாத இடத்தில்தான் நீங்கள் காலாற நடக்கலாம். சிங்கம், யானை, காண்டாமிருகம் எல்லாம் வேண்டுமென்றால் லேடிஸ்மித் ஊர்ப் பக்கம் நம்பிட்டி என்ற விலங்குக் காப்பகம் இருக்கிறது. இல்லையென்றால் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி. 1895-இல் பாதுகாக்கப்பட்ட காடு அது. அழிவின் விளிம்புக்குப் போன தெற்கத்தி வெள்ளைக் காண்டாமிருகம் அங்கே மட்டும்தான் மிஞ்சியது. 1960-களில் அங்கிருந்து மற்றக் காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கொம்பில்லாததைப் பார்த்தால் குறைப்படாதீர்கள். வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற 2024-இல் அங்கே கொம்பை வெட்டத் தொடங்கினார்கள்.

காண்டாமிருகம் நின்ற இடத்தை வாட்ஸ்அப்பில் போடுவது

போடாதீர்கள். கொம்புக்காகச் சுடுகிறவனிடமும் போன் இருக்கிறது.

போர்க்களத்தில் கல் பொறுக்குவது

சட்டப்படி குற்றம். அந்த வெள்ளைக் கற்குவியல்களுக்கு அடியில் பிணங்களைப் புதைத்திருக்கிறார்கள். ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.

ஒரு கரையோடு திரும்புவது

டண்டீயிலிருந்து போகக்கூடிய இன்னொரு இடம் என்கோமே ஆறு. 1838 டிசம்பர் 16 அன்று போயர்கள் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) வண்டிகளை வளையமாகக் கட்டிவைத்துச் சுட்டதில் சுமார் 3,000 ஜூலு வீரர்கள் இறந்தார்கள். ஒரு கரையில் போயர்களின் நினைவாக 64 வெண்கல வண்டிகள். மறுகரையில் ஜூலுக்களின் பக்கத்தைச் சொல்லும் அருங்காட்சியகம். வண்டிகள் படத்துக்கு நன்றாக வரும் என்பதால் பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். மறுகரைக்கும் போங்கள். அந்தத் தேதி இன்று அந்த நாட்டில் நல்லிணக்க நாள், அரசு விடுமுறை.

நம் ஆட்களுக்கு இங்கே என்ன என்று கேட்பது

நிறைய இருக்கிறது. 1913-இல் நியூகாசில் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், வேலையை நிறுத்துங்கள் என்று ஒப்பந்தக் கூலிகளைக் கேட்டுக்கொண்டவர்கள் தமிழ்ப் பெண்கள். அந்தப் போராட்டத்தில்தான் காந்திக்கு டண்டீ நீதிமன்றம் 9 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. அதற்கும் முன்னால், 1900 ஜனவரியில், ஸ்பியன்கோப் மலையில் போயர் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையிலும் அவர் இருந்தார். இதையெல்லாம் வழிகாட்டிகள் தாமாகச் சொல்வது குறைவு. முதல் நாள் இரவே கேட்டு வையுங்கள்.

ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் போவது

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து வருவார்கள். விடிகாலையில் புல்லின் மேல் உறைபனி இருக்கும், போவது திறந்த ஜீப்பில்.

சைவம் என்பதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்வது

சமையலுக்கான சாமான் தொலைவிலுள்ள ஊரிலிருந்து வருகிறது. பக்கத்தில் ஓடிப்போய் வாங்கக் கடை கிடையாது. அறை பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். வெறும் சைவம் என்று எழுதினால் போதாது. முட்டை, மீன், கோழி வேகவைத்த தண்ணீரில் செய்த சூப் எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். பருப்புப்பொடி ஒரு பாட்டில் பெட்டியில் இருக்கட்டும். சோறு கேட்டால் வடித்துத் தருவார்கள்.