ஒரு கிலோ தக்காளியை வைத்துப் பொருளியல் பழகுவது எப்படி?

தேவை விதி மனப்பாடமாகத் தெரியும், வரைபடமும் போடத் தெரியும், ஆனால் பேப்பரில் வரும் விலைச் செய்தியைப் பார்த்தால் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பொருளியல் முதலாண்டு மாணவர்கள் பலரின் நிலைமை இதுதான். இதற்கு இன்னொரு கைடு வாங்கிப் பயனில்லை. ஒரே ஒரு பொருளின் விலையைப் பிடித்துக்கொண்டு, அதை விடாமல் கேள்வி கேட்டுப் பழகுங்கள். தக்காளி அதற்குத் தோதானது. சீக்கிரம் அழுகும், நாளுக்கு நாள் விலை மாறும், எல்லார் வீட்டுக்கும் வேண்டும். 2023 ஜூலையில் அது கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனதே, அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: விலையை எழுதுங்கள்

ஒரு நோட்டில் தேதி, இடம், விலை. உழவர் சந்தையில் அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். மொத்தச் சந்தை விலைக்கு மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் இருக்கிறது. தெருக்கடை விலையையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் எழுதினால் போதும், கேள்விகள் தானாக வரும்.

படி 2: என்ன மாறியது என்று கேளுங்கள்

விலை ஏறியதும் காதில் விழும் முதல் விளக்கம், "வியாபாரிகளின் பேராசை". சரி, அதையே சோதிப்போம். அதே வியாபாரிகளுக்கு மே மாதத்தில் ஆசை குறைவாகவா இருந்தது? அப்போது விலை மட்டமாகத்தானே இருந்தது! மாறாமல் இருக்கும் ஒன்றைக் கொண்டு மாறிய விலையை விளக்க முடியாது.

அடுத்த விளக்கம் பதுக்கல். பழுத்த தக்காளியை எத்தனை நாள் பதுக்கி வைப்பீர்கள்? வெங்காயம் என்றால் யோசிக்கலாம். மகாராஷ்டிரத்தில் கோடையில் அறுவடையாகும் வெங்காயத்தைக் காற்றோட்டமான கொட்டகைகளில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். தக்காளிக்கு அந்த வசதி இல்லை.

அப்படியானால் மாறியது எது? மக்கள் திடீரென்று கூடுதலாகத் தக்காளி சாப்பிடவில்லை. ஆகவே அளிப்புப் பக்கம் போக வேண்டும். முந்தைய மாதங்களில் விலை கிடைக்காததால் பல விவசாயிகள் தக்காளி நடுவதைக் குறைத்திருந்தார்கள். கோலார் பகுதியில் இலைச்சுருட்டு நோய் தாக்கியது. வடக்கே கனமழை. சென்னைக்குக் கர்நாடகம், ஆந்திரத்திலிருந்துதான் பெரும்பங்கு தக்காளி வருகிறது என்பதால் கோலாரில் விழும் அடி கோயம்பேட்டில் தெரியும்.

படி 3: யார் எப்படி மாறிக்கொள்கிறார்கள்?

வீட்டில் ரசத்துக்குப் புளியைக் கூட்டிவிட்டுத் தக்காளியைக் குறைப்பார்கள். ஹோட்டலில் தக்காளிச் சட்னி காணாமல் போகும். ஆனாலும் யாரும் அடியோடு நிறுத்துவதில்லை. விலை இரண்டு மடங்கானாலும் வாங்கும் அளவு பாதியாகக் குறையாவிட்டால், தேவை நெகிழ்ச்சி குறைவு என்று அர்த்தம். வரத்து கொஞ்சம் குறைந்ததுமே விலை தாவுவதற்கு இதுதான் காரணம். உங்கள் வீட்டில் போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று அம்மாவிடமோ, யார் காய் வாங்குகிறார்களோ அவரிடமோ கேட்டு எழுதுங்கள்.

படி 4: "அப்புறம்?" என்று கேளுங்கள்

முக்கால்வாசிப் பேர் படி 3-லேயே நின்றுவிடுகிறார்கள். பொருளியல் சிந்தனையின் ருசியே இங்கேதான் இருக்கிறது.

நூறு ரூபாய் விலையை விவசாயியும் பார்க்கிறார். நாற்று நட்டால் இரண்டு, இரண்டரை மாதத்தில் காய்ப்புக்கு வரும். நடலாம் என்று முடிவு செய்கிறார். அதே நேரத்தில் அதே முடிவை எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. 2023 செப்டம்பருக்குள் வரத்து குவிந்து விலை சரிந்தது. சில இடங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். நொந்துபோனவர்கள் அடுத்த பருவத்தில் நடுவதைக் குறைப்பார்கள், மறுபடி விலை ஏறும். பாடநூலில் 'சிலந்தி வலை மாதிரி' (cobweb model) என்று வருவது இதுதான்.

இதில் யாரும் முட்டாள் இல்லை என்பதைக் கவனியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் கணக்கும் சரி; எல்லாருடையதும் சேரும்போது விலை விழுகிறது. "விவசாயிகளுக்குத் திட்டமிடத் தெரியவில்லை" என்று எழுதும் மாணவருக்கு நான் மார்க் போட மாட்டேன்.

படி 5: மலிவு விலையின் முழுச் செலவு

அந்த ஜூலையில் தமிழக அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. வெளியில் 120 என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவுக்கு 60 ரூபாய் மிச்சம். அதற்காக ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தால்? எட்டு மணி நேர வேலைக்கு 800 ரூபாய் கூலி வாங்குபவருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் விலை 100 ரூபாய். ஓய்வு பெற்றவருக்கு அந்த நஷ்டம் இல்லை. இழந்த 100 ரூபாய்தான் வாய்ப்புச் செலவு. திட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், யாருக்கு எவ்வளவு மிச்சம், இடைவெளிப் பணத்தை யார் கட்டுகிறார்கள் என்ற இரண்டையும் எழுதுங்கள்.

படி 6: அளவைப் பாருங்கள்

அன்றைய சில்லறை விலைக் குறியீட்டில் தக்காளியின் எடை, அதாவது குடும்பச் செலவில் அதற்குக் கொடுக்கப்பட்ட பங்கு, ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அவ்வளவு சின்னப் பொருளா பணவீக்கத்தை ஆட்டும்? அந்த மாதம் ஆட்டியது. முந்தைய ஆண்டு ஜூலையோடு ஒப்பிட்டால் தக்காளி விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஜூனில் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்த பணவீக்கம் ஜூலையில் 7.44 சதவீதமானது. மற்ற காய்களும் தானியங்களும் சேர்ந்துதான் இப்படி ஆனது என்றாலும், எடையையும் ஏற்றத்தையும் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

படி 7: முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள்

இன்றைய விலையைப் பார்த்து, இரண்டரை மாதம் கழித்து ஏறுமா இறங்குமா, ஏன் என்று இரண்டு வரி எழுதித் தேதி போடுங்கள். "எது நடந்தால் நான் சொன்னது தப்பு" என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இது இல்லாவிட்டால் எப்படியும் பின்னால் ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.

தக்காளி கைவந்ததும் வெங்காயத்துக்குப் போகலாம். பயிற்சிக்கு ஒன்று: 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு இந்தியா 40 சதவீத வரி போட்டது, டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தது. நாசிக் விவசாயி, சென்னையில் வாங்குபவர், இந்திய வெங்காயத்தை நம்பியிருக்கும் கொழும்புக் கடைக்காரர் ஆகிய மூவருக்கும் முதல் மாதத்தில் என்ன நடக்கும்? அடுத்த பருவத்தில் என்ன நடக்கும்? ஆளுக்கு இரண்டு வரி எழுதிவிட்டு, அக்மார்க்நெட்டில் அந்த மாதங்களின் விலையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.