ஆபரேஷன் முடிந்த முப்பதாம் நாள்: காயத் தொற்றைக் கணக்கெடுக்க பி.ஜி.க்களுக்கு ஒரு வழிகாட்டி

பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். சேர்ந்த முதுநிலைப் பிள்ளைகள், அதாவது பி.ஜி.க்கள், சில மாதங்களிலேயே தீசிஸ் தலைப்போடு என் அறைக்கு வருவார்கள். பெரும்பாலும் அது ஓர் ஒப்பீடாக இருக்கும். இந்தத் தையலா அந்தத் தையலா, இந்த மருந்தா அந்த மருந்தா, ஒப்பிடும் ஒவ்வொரு பக்கத்துக்கும் முப்பது பேர். நான் முதலில் கேட்பது வேறு: "நம்ம யூனிட்ல ஆபரேஷன் ஆனவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேருக்குக் காயத்துல சீழ் வைக்குது?" பதில் வராது. துறையில் மூத்தவர்களைக் கேட்டாலும் மனக்கணக்குதான் கிடைக்கும். எத்தனை ஆபரேஷன் நடந்தது என்பது ரிஜிஸ்டரில் இருக்கிறது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதும் இருக்கிறது. வீட்டுக்குப் போனவரின் காயம் என்ன ஆனது என்பது எங்கேயும் இல்லை.

தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பல வருடங்களாக ஆபரேஷனும் செய்கிறேன், பாடமும் நடத்துகிறேன். என்னைக் கேட்டால், நம்மூரில் ஒரு பி.ஜி. செய்யக்கூடிய ஆராய்ச்சிகளில் நோயாளிக்கு நேரடியாகப் பயன்படுவது இந்த எண்ணிக்கையை ஒழுங்காக எடுப்பதுதான். புது மெஷின் வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு பக்கப் படிவம், ஒரு செல்போன், விடாப்பிடி. அவ்வளவு போதும்.

ஒப்பீடு ஏன் வேண்டாம் என்கிறேன்? கணக்கைப் பாருங்கள். தொற்று 20 சதவீதம் இருக்கிறது, ஒரு புது முறையால் அதை 10 சதவீதமாக்கிவிடலாம் என்று நம்புகிறீர்கள். பாதிக்குப் பாதி குறைப்பதே பேராசைதான். அந்தப் பேராசையை 80 சதவீத பவரோடு, அதாவது வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் நூற்றுக்கு எண்பது முறை பிடிபடும் அளவுக்கு, சோதிக்கவே பக்கத்துக்குச் சுமார் 200 பேர் வேண்டும். முப்பதுக்கு முப்பது போட்டால் ஒரு பக்கம் 6 பேருக்குச் சீழ் வைக்கும், மறுபக்கம் 3 பேருக்கு வைக்கும். பி வேல்யூ, அதாவது முறைகளுக்குள் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு இடைவெளி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண், 0.05-க்குக் கீழே இறங்காது. "இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவோம். வித்தியாசம் இல்லை என்று அந்த ஆய்வு காட்டவே இல்லை. வித்தியாசம் இருந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அதில் ஆள் இல்லை.

இந்த மாதிரிக் கேள்விக்கு எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்பதற்கு 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சீட்டா ஆய்வு நல்ல உதாரணம். வயிற்றுக் காயத்தை மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் தொற்று குறையுமா என்பதுதான் கேள்வி. இந்தியா உட்பட 7 நாடுகள், 81 மருத்துவமனைகள், 13,301 நோயாளிகள். வழக்கம்போல் மூடிய பக்கம் 18.9 சதவீதம், மாற்றிவிட்டு மூடிய பக்கம் 16.0. அதற்கு முந்தைய வருடம் வந்த ஃபால்கன் ஆய்விலும் இந்திய மருத்துவமனைகள் இருந்தன. தோலைச் சுத்தம் செய்ய ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின், பொவிடோன் அயோடினைவிட மேலானதா, ட்ரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பூசிய தையல் நூல் சாதா நூலைவிட மேலானதா என்று 5,788 பேரிடம் பார்த்தார்கள். இரண்டிலும் மேன்மை தெரியவில்லை. விலை கூடிய நூல் கேட்டு இண்டென்ட் எழுதும் முன் அதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. இப்படிப்பட்ட பெரிய ஆய்வில் உங்கள் துறையும் ஒரு மையமாகச் சேர வாய்ப்பு வந்தால் கண்டிப்பாகச் சேருங்கள். தனியாக அறுபது பேரை வைத்து அதே கேள்வியைக் கேட்காதீர்கள்.

உங்கள் யூனிட்டின் தொற்று விகிதத்தை எடுக்க அத்தனை பேர் தேவையில்லை. நாலு பி க்யூ பை டி ஸ்கொயர், துறையில் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: பி எதிர்பார்க்கும் சதவீதம், க்யூ நூறில் மீதி, டி நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. தொற்று 20 சதவீதம் இருக்கும், 5 சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்றால் 4 × 20 × 80 ÷ 25, அதாவது 256 பேர். கை நழுவிப் போகிறவர்களையும் சேர்த்து 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்னியா, குடல்வால், குடல் ஓட்டை, பித்தப்பை என்று தினமும் தியேட்டர் ஓடும் ஒரு துறைக்கு இது எட்டக்கூடிய எண்ணிக்கைதான்.

சரி, எதைத் தொற்று என்று எழுதுவது? இதை முதல் நோயாளிக்கு முன்பே முடிவு செய்து, எழுதி, டியூட்டி அறைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வரையறையைத்தான் உலகம் முழுக்கப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். தோலோடும் அதற்கு அடியிலுள்ள திசுவோடும் நிற்கும் மேலோட்டமான தொற்றுக்குக் கெடு 30 நாள். ஆபரேஷன் செய்த நாளே முதல் நாள். ஹெர்னியா, மார்பக அறுவை சிகிச்சை போன்ற சிலவற்றில் ஆழமான தொற்றுக்கு 90 நாள் வரை பார்க்க வேண்டும். காயத்திலிருந்து சீழ் வந்தால் தொற்று. வலியோ வீக்கமோ சிவப்போ சூடோ இருந்து சர்ஜன் தையலைப் பிரித்துவிட வேண்டிவந்தாலும் தொற்று. தையல் நுழைந்த துளையில் மட்டும் லேசாகச் சீழ் கட்டினால் அது கணக்கில் வராது. இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. ஆபரேஷன் செய்தவரே காயத்தைப் பார்த்தால் "சும்மா ஸ்டிச் ஆப்செஸ்தான்" என்று சொல்லத் தோன்றும். அது மனித இயல்பு. அதனால் காயத்தை மதிப்பிடுவது அந்த ஆபரேஷனில் இல்லாத ஒருவராக இருக்கட்டும். பக்கத்து யூனிட் பி.ஜி.யோடு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் போதும்: அவர் காயங்களை நீங்கள் பாருங்கள், உங்கள் காயங்களை அவர் பார்க்கட்டும்.

படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நாலு பக்கப் படிவத்தை இரவு டியூட்டியில் ஒருவரும் நிரப்ப மாட்டார்கள். வயது, சர்க்கரை, ஹீமோகுளோபின், புகை, எமர்ஜென்சியா இல்லையா, சுத்தமானது முதல் அழுக்கானது வரையிலான நான்கு வகையில் காயம் எது, ஆபரேஷன் எவ்வளவு நேரம். இவற்றோடு நம் கேஸ் ஷீட்டுகளில் வழக்கமாக விட்டுப்போகும் இரண்டு விஷயங்களைச் சேருங்கள். ஒன்று, ஆன்டிபயாடிக் போட்ட நேரமும் கத்தி வைத்த நேரமும். "ப்ரீ ஆப் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது ஆராய்ச்சிக்கு உதவாது. கத்தி வைப்பதற்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். செஃபசோலின் மாதிரி மருந்துகளை ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பது இன்னும் நல்லது. வார்டிலேயே ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டு, முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டே போனால் அந்த இடைவெளி எவ்வளவு நீளும் என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். மயக்க மருத்துவரின் சார்ட்டில் நேரம் பெரும்பாலும் சரியாக இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, முடி எடுத்த விதம். முந்தின நாள் ராத்திரி வார்டில் பிளேடால் மழிக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் போகவில்லை. மழிக்கவே கூடாது, அவசியமென்றால் கிளிப்பரால் கத்தரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

முடிந்தபின் எத்தனை நாள் ஆன்டிபயாடிக் ஓடியது என்பதையும் குறியுங்கள். சுத்தமான ஹெர்னியாவுக்கு ஐந்து நாள் செஃப்ட்ரையாக்ஸோன் ஓடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொற்றைத் தடுக்க அதனால் பயனில்லை. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லா கிருமியை வார்டில் வளர்த்துவிடுகிறோம் என்பதுதான் மிச்சம்.

வீட்டுக்குப் போனபின்

இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஹெர்னியா நோயாளி இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். தையலை ஊர்ப்பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரித்துக்கொள்வார். சீழ் வைத்தால் பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொள்வார். டிஸ்சார்ஜ் அன்று காயம் உலர்ந்திருந்தது என்று எழுதி ஆய்வை முடித்தால், வந்த தொற்றில் பெரும்பகுதியை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் இரண்டு செல் எண் வாங்குங்கள்: ஒன்று நோயாளியுடையது, இன்னொன்று மகள், மருமகன், பக்கத்து வீடு என்று யாராவது ஒருவருடையது. கொடுத்த எண்ணைக் கட்டில் பக்கத்திலேயே நின்று அடித்துப் பாருங்கள், மணி அடிக்கிறதா என்று. "ரீசார்ஜ் பண்ணல", "அது பழைய நம்பர்" என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். எந்த நேரத்தில் எடுப்பார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள். வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் கிடைப்பார்கள். பீடி சுற்றும் பெண்களைப் பகலிலேயே பிடிக்கலாம்.

போனில் எப்படிக் கேட்கிறோம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. என் பி.ஜி. ஒருத்தி ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதை அப்படியே தருகிறேன்.

"காயம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு டாக்டரம்மா."

"கட்டுற துணியில கறை எதுவும் படுதா?"

"கறையெல்லாம் இல்ல. லேசா தண்ணி மாதிரி வரும். ஒரு துணி மடிச்சு வெச்சுருக்கேன்."

முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் இந்த அம்மா "தொற்று இல்லை" என்ற கட்டத்துக்குள் போயிருப்பார். "சீழ் வருதா" என்று கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். துணியில் கறை, தண்ணி, நாற்றம், தையல் விட்ட இடம், காய்ச்சல், வேறு டாக்டரிடம் போனது, கட்டு மாற்றியது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மஞ்சளோ தேங்காயெண்ணெயோ போட்டிருந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்கள்.

தண்ணி வருகிறது என்றால் அது சீழா வெறும் நீரா என்று போனிலேயே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓ.பி. நாளில் வரச் சொல்லுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது கொஞ்சம் உதவுகிறது, ஆனால் ஒரு நாள் கூலி போகும் என்பதை நாம் மறக்கக் கூடாது. வந்தவரை வரிசையில் நிறுத்தாமல் நேராக டிரெஸ்ஸிங் அறைக்கு அழைத்துப் பாருங்கள். வரவே முடியாதவரிடம், வீட்டில் யாராவது பகல் வெளிச்சத்தில் காயத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்கலாம். முகம் தெரியக் கூடாது. இதற்கான சம்மதத்தை முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்பராஸ்கோபி கேஸ்களை 30 நாளோடு விட்டுவிடாதீர்கள். நன்றாக ஆறிய போர்ட் துளை (கருவி நுழைத்த துளை), மூன்று நாலு வாரம் கழித்தோ அதற்கும் பிறகோ, கட்டியாகி நீர் கசியத் தொடங்கும். வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் மசியாது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதா கல்ச்சரில் ஒன்றும் வளராது. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாக்களை, ஃபார்ச்சூட்டம், கெலோனே போன்றவற்றை, அப்போது நினைக்க வேண்டும். இந்தியாவில் இது அறிந்த பிரச்சினைதான். பெரும்பாலும் கருவி கழுவும் இடத்தில்தான் தொடங்குகிறது. 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் ஊறினால் உயர்நிலைக் கிருமி நீக்கம்தான் ஆகும். முழு ஸ்டெரிலைசேஷனுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். காலையில் ஐந்து பித்தப்பை, கையில் இரண்டே செட் என்றால் என்ன நடக்கும் என்று தியேட்டரில் நின்றவர்களுக்குத் தெரியும். ஊறிய கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது அதைவிட மோசம். உங்கள் ஆய்வில் இப்படி இரண்டு மூன்று போர்ட் துளைகள் அடுத்தடுத்து வந்தால் தீசிஸ் முடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே துறைத் தலைவரிடமும் நுண்ணுயிரியல் துறையிடமும் சொல்லுங்கள்.

கல்ச்சருக்கு மேலோட்டமாகத் துடைத்த பஞ்சுக் குச்சி (ஸ்வாப்) வேண்டாம். காயத்தைச் சலைனில் கழுவிவிட்டு, சிரிஞ்சில் உறிஞ்சிய சீழையோ சிறு திசுத் துண்டையோ அனுப்புங்கள், அடுத்த டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்பாக.

எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்கக் கூடாது. சம்மதப் படிவம் நோயாளி பேசுகிற தமிழில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்டுங்கள். சிகிச்சையில் எதையாவது மாற்றிப் பார்க்கும் ஆய்வென்றால் முதல் நோயாளிக்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவை அவர்கள் ஏற்பதில்லை. கட்டணம் கிடையாது.

கணக்குப் போடும்போது

நழுவிப் போனவர்களை மறைக்காதீர்கள். 200 பேரைச் சேர்த்தீர்கள், 160 பேரை முப்பதாம் நாள் பிடித்தீர்கள், 20 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 12.5 சதவீதம். கிடைக்காத 40 பேருக்கும் ஒன்றும் இல்லையென்றால் 10 சதவீதம். அத்தனை பேருக்கும் சீழ் வைத்திருந்தால் 30. இந்த மூன்று எண்களையும் எழுதுங்கள். தேர்வாளர் கேள்வி கேட்பார், கேட்கட்டும். நீங்கள் எத்தனை பேரைத் தேடிப் பிடித்தீர்கள் என்பதுதான் அந்த ஆய்வின் தரம்.

குடல் ஓட்டையையும் ஹெர்னியாவையும் ஒரே சராசரியில் கலந்துவிடாதீர்கள். இரண்டு நாள் வயிற்றுவலியோடு ஊரில் கிடந்து, பிறகு வந்த அல்சர் பெர்ஃபரேஷன் (புண் ஓட்டையானது) வேறு உலகம். காயத்தின் வகைவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். அப்புறம், 20 தொற்றை வைத்துக்கொண்டு பதினைந்து காரணிகளை ரெக்ரெஷனில், அதாவது எந்தக் காரணிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்கும் கணக்கில், போடாதீர்கள். பத்துத் தொற்றுக்கு ஒரு காரணி என்பது பழைய கணக்கு. அதன்படி இரண்டைத்தான் தாங்கும். சாஃப்ட்வேர் எதைப் போட்டாலும் விடை சொல்லும், நம்பிவிடக் கூடாது.

விடை வந்தபிறகு துறைக் கூட்டத்தில் வையுங்கள், சர்ஜன் பெயர் இல்லாமல். பெயர் இருந்தால் அடுத்த மாதம் முதல் படிவங்கள் காலியாகத்தான் வரும். ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று கேளுங்கள்: பிளேடை நிறுத்துவது, ஆன்டிபயாடிக்கைத் தியேட்டருக்குள் கொடுப்பது, வயிற்றைத் திறந்து செய்யும் லேப்பரோட்டமியில் மூடும் முன் கையுறையும் கருவிகளும் மாற்றுவது. மாற்றியபின் அதே படிவத்தில், அதே முப்பதாம் நாள் போனோடு எண்ணிக்கை தொடர வேண்டும். அதற்குள் உங்கள் மூன்று வருடம் முடிந்திருக்கும். ஆகவே முதல் மாதமே யூனிட் பெயரில் ஒரு சிம் வாங்கி, சாதாரண பட்டன் போன் ஒன்றில் போட்டு டியூட்டி அறையில் வையுங்கள். நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த எண்ணையே எழுதுங்கள். ரிஜிஸ்டரையும் போனையும் சார்ஜரையும் ஜூனியரிடம் கொடுத்து, முதல் சில அழைப்புகளைப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பேச வைத்துவிட்டுப் போங்கள்.